ஆசாரியும் ஆசிரியரும்

இளங்கலைத் தமிழ் முதலாண்டு மாணவர்களுக்கு நேரிசை வெண்பா நடத்தும்போது ஆண்டுதோறும் ஓரிடத்தில் வகுப்பு தடுமாறி நிற்பதைக் கண்டு வருகிறோம். இரண்டு குறள் வெண்பாக்களை ஒரு தனிச்சொல்லால் இணைப்பது இருகுறள் நேரிசை வெண்பா. இது எளிதில் விளங்கிவிடும். முதற்குறளின் ஈற்றுச்சீரும் தனிச்சொல்லும் ஓசையில் ஒட்டாமல் விட்டிசைக்கும்போது ஓரிரண்டு அசைகளை இடையிலிட்டு இணைத்தால் அது ஆசிடை நேரிசை வெண்பா. அவ்வாறு இடப்படும் அசைக்கு 'ஆசு' என்று பெயர். இங்குதான் தடுமாற்றம். யாப்பருங்கலக்காரிகையின் உரை, உலோகத்துண்டுகளைப் பற்றாசிட்டு இணைக்கும் கொல்லர் தொழிலை இதற்கு உவமையாகக் காட்டுகிறது. உவமை என்பது தெரியாததைத் தெரிந்ததைக் கொண்டு விளக்குவது. நம் வகுப்பிலோ உவமைக்கே ஓர் உரை தேவைப்பட்டது.

சில ஆண்டுகளுக்கு முன் அந்த இடத்தில் வழக்கம்போல் நின்றபோது, கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவர் எழுந்தார். "ஈயம் வச்சு சால்டரிங் பண்றதுதானே ஐயா?" என்றார். வகுப்பு சிரித்தது. அவர் மேல்நிலைப் பள்ளியில் தொழிற்கல்விப் பிரிவில் மின்னணுவியல் படித்துவிட்டு வந்தவர். "ரெண்டு கம்பியும் தானா ஒட்டாது ஐயா. நடுவுல கொஞ்சம் ஈயம் போகணும். ஆனா ஈயம் ரொம்ப இருந்தாலும் தப்பு" என்று தொடர்ந்தார். ஆசு ஓர் அசையாகவோ ஈரசையாகவோதான் இருக்கவேண்டும், அதற்குமேல் போனால் அது ஆசன்று என்பதை அதைவிடத் தெளிவாக நாம் எந்நாளும் சொன்னதில்லை.

ஒரு சொல் புலவனிடமும் கொல்லனிடமும் ஒருங்கே புழங்கிய காலம் ஒன்று இருந்திருக்கிறது. பின்னர் ஏதோ ஓரிடத்தில் இருவரும் பிரிந்தனர். அவர்களைப் பள்ளிக்கூடத்தில் மீண்டும் சேர்த்துவைக்க நடந்த முயற்சிகளின் வரலாறே இக்கட்டுரை.

*

தொழிலின் சொற்களிலிருந்து தொடங்குவோம். ஓர் உலோகத்தை உருக்காமல், அதைவிடக் குறைந்த வெப்பத்தில் உருகும் வேறோர் உலோகக் கலவையை இடையிலிட்டு இணைப்பதே பற்றாசு வைத்தல். 'விளக்குதல்' என்ற வினைக்கும் இப்பொருள் பழைய தமிழில் உண்டு. பொற்கொல்லர் பற்றாசுக் கலவையை அரத்தால் அராவிப் பொடியாக்கி, வெண்காரத்தோடு சேர்த்து இணைப்பில் வைத்து, ஊதுகுழலால் தீச்சுடரை அதன்மேல் செலுத்துவார். பேச்சில் மறைபொருள் வைப்பவரைப் 'பொடி வைத்துப் பேசுகிறார்' என்கிறோமே, அவ்வழக்கு இந்தப் பட்டறையிலிருந்து வந்தது என்பர்.

வெண்காரத்தின் வேலை நுட்பமானது. சூடேறும் உலோகத்தின் மேற்பரப்பில் காற்றுப்பட்டு ஒரு மெல்லிய ஆக்சைடு படலம் உருவாகும். அப்படலம் இருக்கும்வரை பற்றாசு பரவாது. தாமரை இலைமேல் நீர்போல் உருண்டு நிற்கும். வெண்காரம் அப்படலத்தைக் கரைத்து நீக்குகிறது. மின்னணுத் தொழிலில் இதே வேலையைப் பைன் மரப் பிசின் செய்கிறது. பொற்கொல்லர் கையாளும் பற்றாசு 450 பாகை செல்சியசுக்கு மேல் உருகும் வன்பற்றாசு. வானொலி பழுதுபார்ப்பவர் கையாளும் வெள்ளீய காரீயக் கலவை அதற்குக் கீழே உருகும் மென்பற்றாசு. தத்துவம் இரண்டிலும் ஒன்றே.

இனி இந்தத் தொழிலைச் செய்தவரின் பெயர். தட்டாரும் தச்சரும் கொல்லரும் 'ஆசாரி' என்றழைக்கப்பட்டனர். வடமொழி 'ஆசார்ய' என்பதன் தமிழ் வடிவம் அது. 'ஆசிரியர்' என்ற சொல்லை 'ஆசு இரியச் செய்பவர்', அதாவது குற்றத்தை நீக்குபவர் என்று பொருள் பிரிப்பது நம் பள்ளி மரபு. ஆனால் மொழியியலார் அதையும் 'ஆசார்ய' என்பதன் திரிபாகவே கொள்வர். அவர்கள் கூற்றை ஏற்றால், கற்பிப்பவரும் கைத்தொழில் செய்பவரும் ஒரே சொல்லின் இரு பிள்ளைகள். ஒருவருக்குப் பள்ளிக்கூடம் கிடைத்தது; மற்றவருக்குப் பட்டறை கிடைத்தது. பள்ளிக்கூடத்து ஆசிரியருக்குக் கை வேலை தெரியாது. பட்டறை ஆசாரியின் அறிவு ஏடேறவில்லை. தகப்பன் ஊதுவதைப் பக்கத்திலிருந்து பார்த்துப் பார்த்து மகன் கற்றான். மகனல்லாதவனுக்கு அந்தப் பட்டறையில் இடமில்லை. மகள் பார்த்துக்கொண்டே வளர்ந்தாலும் குழல் அவள் கைக்குப் போகவில்லை. கைத்திறன் பிறப்போடு பூட்டப்பட்டிருந்தது என்பதே இதன் பொருள்.

*

இந்தப் பூட்டைத் திறக்க உதவிய முறை ஒன்று தொலைவில், ருசியாவில் உருவானது. மாஸ்கோ இம்பீரியல் தொழில்நுட்பப் பள்ளியின் இயக்குநர் விக்டர் டெல்லா வாஸ் முன் ஒரு நடைமுறைச் சிக்கல் இருந்தது. பட்டறையில் ஒரு குருவுக்கு இரண்டு மூன்று சீடர்கள் போதும். பள்ளியிலோ ஓர் ஆசிரியர் முன் ஒரு வகுப்பே நிற்கிறது. 1868இல் அவர் ஒவ்வொரு தொழிலையும் அதன் அடிப்படைச் செயல்களாகப் பிரித்தார். அராவுதல், துளையிடுதல், இணைத்தல் என்று தனித்தனிப் பயிற்சிகளாக்கி, எளியதிலிருந்து கடினமானதற்கு வரிசைப்படுத்தினார். எழுத்து, சொல், சொற்றொடர் என்று மொழியைக் கற்பிப்பதுபோல் கைத்தொழிலையும் கற்பிக்கலாம் என்று இது காட்டியது. 1876இல் பிலடெல்பியா கண்காட்சியில் இம்முறை காட்சிக்கு வைக்கப்பட்டது. அதன் தாக்கத்தில், 1880இல் செயின்ட் லூயிஸ் நகரில் கால்வின் உட்வர்டு உயர்நிலை மாணவர்களுக்கான கைத்திறன் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார்.

டெல்லா வாசின் முறையில் ஒரு சமூகப் புரட்சி மறைந்திருந்தது. அவர் அதை எண்ணிச் செய்தாரா என்பது வேறு. தொழிலைப் பயிற்சிகளின் வரிசையாக எழுதிவிட்டால் அது யாருடைய மகனுக்கும் மகளுக்கும் பொதுவாகிவிடும். பிறப்பு தேவையில்லை, வரிசை போதும்.

நம் நாட்டில் கதை வேறு வழியில் சென்றது. 1937 அக்டோபரில் வார்தாவில் கூடிய மாநாட்டில், கைத்தொழிலை நடுவாகக் கொண்ட கல்வியைக் காந்தி முன்வைத்தார். பாடத்திட்டம் வகுக்க ஜாகிர் உசேன் தலைமையில் குழு அமைந்தது. அக்குழுவிலும், பின்னர் சேவாகிராமத்தில் ஆதாரக் கல்விப் பணியிலும் முன்னின்றவர் இலங்கைத் தமிழரான ஆரியநாயகம் என்பது நம்மில் பலர் மறந்துவிட்ட செய்தி. நூற்பு, நெசவு, தச்சு, வேளாண்மை ஆகியவை ஆதாரக் கல்வியின் தொழில்கள். எல்லாச் சாதிப் பிள்ளைகளும் இராட்டை சுற்றவேண்டும் என்பதே அதன் நோக்கம்.

1953இல் சென்னை மாநில முதலமைச்சர் இராஜாஜி கொண்டுவந்த மாற்றத் தொடக்கக் கல்வித் திட்டம் அந்த நோக்கத்தைத் தலைகீழாக்கியது. கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் நாளொன்றுக்கு மூன்று மணிநேரம் மட்டுமே வகுப்பு. எஞ்சிய வேளையில் பிள்ளை தன் தகப்பன் தொழிலைக் கற்கவேண்டும். பள்ளிகளும் ஆசிரியர்களும் போதாத நிலையில் இருக்கும் பள்ளிகளிலேயே இரு மடங்கு பிள்ளைகளைச் சேர்க்கும் வழி என்று அரசு சொன்னது. 'குலக்கல்வித் திட்டம்' என்று பெயரிட்டுப் பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் எதிர்த்தனர். காங்கிரசுக்குள்ளும் எதிர்ப்பு இருந்தது. 1954 ஏப்ரலில் காமராசர் முதலமைச்சரானார். மே மாதம் திட்டம் கைவிடப்பட்டது.

அந்த எதிர்ப்பு நியாயமானது என்பதில் நமக்கு ஐயமில்லை. வண்ணார் வீட்டுப் பிள்ளை வெளுக்கவும் சவரத் தொழிலாளி வீட்டுப் பிள்ளை சிரைக்கவும் பாதி நாளை ஒதுக்கச் சொல்வது கல்வியாகாது. ஆனால் அதற்குப் பின் நம் மண்ணில் கையால் செய்யும் வேலை பள்ளிக்குள் நுழையும்போதெல்லாம் ஓர் ஐயப் பார்வையும் கூடவே நுழைந்தது. கையும் சாதியும் ஒன்றென்று நாம் அஞ்சிவிட்டோமோ என்று தோன்றுகிறது. எதிர்க்கப்பட வேண்டியது தகப்பன் தொழில் என்ற நிபந்தனை, தொழிலன்று.

*

இங்குதான் சால்டரிங் அயர்னுக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. அது வானொலியோடு வந்த கருவி. 1924இல் கிருஷ்ணசாமி செட்டி முதலானோர் சென்னை மாகாண வானொலிச் சங்கத்தைத் தொடங்கியபோது, அந்த வேலைக்கென்று இங்கே ஒரு குலம் இருக்கவில்லை. பொற்கொல்லரின் ஊதுகுழலுக்குப் பரம்பரை உரிமையாளர் உண்டு. மின்சாரத்தில் சூடாகும் இந்தக் கோலுக்கு இல்லை. ஊருக்கொரு வானொலி பழுதுபார்க்கும் கடை தோன்றியபோது, அதில் அமர்ந்தவர் எந்தத் தெருவிலிருந்தும் வந்திருக்கலாம்.

ஆகவே இது பள்ளிக்குள் வரத் தடையேதும் இருந்திருக்கக் கூடாது. இலட்சுமணசாமி முதலியார் தலைமையிலான இடைநிலைக் கல்விக்குழு 1952-53இல் பல்நோக்கு உயர்நிலைப் பள்ளிகளைப் பரிந்துரைத்தது. 1964-66 கோத்தாரிக் குழு, பணி அனுபவம் எல்லா மாணவருக்கும் வேண்டும் என்றது. 1978இல் மால்கம் ஆதிசேசய்யா தலைமையிலான குழு, மேல்நிலைக் கல்வியைத் தொழிலோடு இணைப்பது குறித்து அறிக்கை அளித்தது. 'செய்யக் கற்றல்' என்பது அதன் தலைப்பின் பொருள். அதே 1978இல்தான் தமிழ்நாட்டில் மேல்நிலைப் பள்ளிகள் தொடங்கின. அவற்றில் தொழிற்கல்விப் பிரிவும் இடம்பெற்றது.

அந்தப் பிரிவு நடந்த விதத்தை நாம் நேரில் கண்டிருக்கிறோம். 1990களில் நாம் படித்த பள்ளியில் மின்னணுவியல் செய்முறைக் கூடம், மிதிவண்டி நிறுத்துமிடத்தை அடுத்த ஓட்டுக் கொட்டகையில் இருந்தது. பத்தாம் வகுப்பில் மதிப்பெண் குறைந்தவர்களை அங்கே அனுப்புவார்கள். "ஒழுங்காப் படிக்கலேன்னா கொட்டகைக்குப் போயிடுவே" என்பது எங்களுக்குச் சொல்லப்பட்ட அச்சுறுத்தல். தொழிற்கல்வி ஆசிரியர்கள் பலரும் அந்நாளில் பகுதிநேர ஊதியத்தில் பணியைத் தொடங்கியவர்கள். எங்கள் பள்ளியிலோ ஆசிரியர் அறையில் அவருக்கென்று நாற்காலிகூட இல்லை. ஆசாரிக்கும் ஆசிரியருக்கும் இடையே உள்ள பழைய சுவர் பள்ளி வளாகத்துக்குள்ளேயே எழுந்து நின்றது. வெளியே சாதி எழுப்பிய சுவரை உள்ளே மதிப்பெண் எழுப்பியது, அவ்வளவே வேறுபாடு.

கொட்டகைச் சன்னல் வழியே நாம் பார்த்த பாடம் இன்றும் நினைவில் இருக்கிறது. முதல் வாரம் அவர் எதையும் இணைக்கவிடவில்லை. அயர்னின் நுனியை ஈரப் பஞ்சில் துடைத்து, ஈயம் பூசி, பளபளக்க வைப்பது மட்டுமே வேலை. அடுத்து இரண்டு செப்புக்கம்பிகளைச் சுரண்டி முறுக்கி இணைப்பது. அதன் பின்னரே துளையிட்ட அட்டை, மின்தடை, மின்தேக்கி, திரிதடையம். எல்லோரும் செய்யும் முதற்பிழை ஒன்றுதான்: ஈயத்தை அயர்னில் உருக்கி எடுத்துவந்து இணைப்பின்மேல் சொட்டவிடுவது. "ஈயத்தைச் சுட வைக்காதே; சேர வேண்டிய ரெண்டையும் சுட வை. ஈயம் தானா வரும்" என்பார் அவர். இணைப்பு போதிய சூடேறாமல் ஈயம் மேலே மட்டும் படிந்தாலோ, உறையுமுன் கம்பி அசைந்தாலோ அது மங்கிப்போய்த் திட்டாக நிற்கும். கடைக்காரர்கள் அதை 'டிரை சால்டர்' என்பார்கள். கண்ணுக்கு ஒட்டியதுபோல் இருக்கும். மின்சாரம் சில நேரம் போகும், சில நேரம் போகாது. நல்ல இணைப்பு குழிவாகச் சரிந்து பளபளக்கும்.

இந்த ஒரு செயலுக்குள் எத்தனை இயற்பியல் இருக்கிறது! வெள்ளீயம் 232 பாகையில் உருகும். காரீயம் 327 பாகையில் உருகும். இரண்டையும் 63க்கு 37 என்ற அளவில் கலந்தால் 183 பாகையிலேயே உருகிவிடும். கலவை அதன் கூறுகள் இரண்டையும்விட இளகியதாக இருக்கிறது. ஏன்? இக்கேள்வியைக் கொட்டகையில் இருந்தவர்களிடம் யாரும் கேட்கவில்லை. பதிலைப் பாடநூலில் படித்துத் தேர்வெழுதிய அறிவியல் பிரிவு மாணவர்கள் உருகும் ஈயத்தை ஒருநாளும் கண்டதில்லை. ஒரே அறிவு இரண்டு துண்டுகளாகக் கிடந்தது. நடுவே ஆசு வைக்க ஆளில்லை.

*

வேறுவிதமாக நடக்க வழி இருந்ததா? சப்பானின் எடுத்துக்காட்டு இருந்தது என்கிறது. அங்கே 1958ஆம் ஆண்டுப் பாடத்திட்டத் திருத்தத்தில் 'தொழில்நுட்பமும் மனையியலும்' என்ற பாடம் கீழ்நிலை உயர்பள்ளிகளில் கட்டாயமாக்கப்பட்டு, 1962 முதல் நடைமுறைக்கு வந்தது. பன்னிரண்டு வயதிலிருந்து பதினைந்து வயது வரையான பிள்ளைகள் பயிலும் பள்ளிகள் அவை. மதிப்பெண் குறைந்தவருக்கென்று ஒதுக்கப்பட்ட பாடமன்று. பின்னாளில் மருத்துவராகப் போகிறவனும் பற்றாசு வைத்து வானொலி செய்து பழகினான். அங்கும் ஒரு குறை இருந்தது. ஆண்களுக்குத் தொழில்நுட்பம், பெண்களுக்குச் சமையலும் தையலும் என்று பிரித்திருந்தார்கள். 1993 முதல்தான் இருபாலருக்கும் ஒரே பாடம் என்றானது.

பெண்கள் பற்றிய அந்தக் குறை நம்மிடம் இன்னும் கூர்மையாக இருந்தது. எங்கள் பள்ளிக் கொட்டகையில் ஒரு மாணவியும் இல்லை. ஆனால் 2006இல் திருப்பெரும்புதூரில் நோக்கியா ஆலை இயங்கத் தொடங்கியபோது, வரிசைகளில் அமர்ந்தவர்களில் பெரும்பகுதியினர் மேல்நிலைக் கல்வி முடித்த இளம்பெண்கள். 2014 நவம்பரில் ஆலை மூடப்பட்டது. அப்பெண்கள் ஆண்டுக்கணக்கில் கைப்பேசிகளைப் பூட்டினார்கள், சோதித்தார்கள். பற்றாசு வேலையைப் பெரும்பாலும் இயந்திரங்களே செய்தன. ஒரு பலகையை முழுமையாகப் பிரித்து, பிழை கண்டு, இணைக்கக் கற்றிருந்தால் ஆலை மூடிய மறுநாள் ஒரு கடையேனும் போட்டிருக்கலாம். வரிசையில் ஓர் இடத்தை மட்டும் அறிந்தவருக்கு வரிசை போனபின் என்ன மிஞ்சும்? பள்ளியில் கற்பிக்கவேண்டியது முழு வேலையை. ஆலைக்கு வேண்டிய ஒரு துண்டையன்று.

*

இன்று நிலைமை சிறிது மாறியிருக்கிறது. 2018-19இல் வந்த புதிய பாடத்திட்டத்தில் தொழிற்கல்விப் பிரிவுக்கு அடிப்படை மின்னணுப் பொறியியல் பாடநூல் தமிழிலேயே கிடைக்கிறது. 2016இல் நடுவணரசு தொடங்கிய அடல் ஆய்வுக்கூடத் திட்டத்தின்கீழ், தேர்வான பள்ளிகளுக்கு 20 இலட்ச ரூபாய் வரை நல்கை உண்டு. ஆறாம் வகுப்பு முதலே பிள்ளைகள் அங்கே சென்று கருவிகளைத் தொடலாம். சால்டரிங் அயர்னும் அக்கருவிகளுள் ஒன்று. மகிழ்ச்சிதான். ஆயினும் 'தேர்வான பள்ளி' என்ற சொல் நம்மை உறுத்துகிறது. கொட்டகையில் தண்டனையாக இருந்தது, கண்ணாடிக் கதவிட்ட கூடத்தில் சலுகையாகிவிடக் கூடாது. எளிய அயர்ன் ஒன்றின் விலை ஒரு வழிகாட்டி நூலின் விலைதான்.

மறுபுறம் பழைய அச்சமும் உயிரோடிருக்கிறது. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, ஆறு முதல் எட்டு வரையான வகுப்புகளில் உள்ளூர்க் கைவினைஞரிடம் பயிலப் புத்தகப்பையில்லா நாள்கள் பத்து வேண்டும் என்றபோதும், 2023இல் 18 கைத்தொழில்களைப் பட்டியலிட்டு விஸ்வகர்மா திட்டம் வந்தபோதும், இது குலக்கல்வியின் மறுவருகை என்ற குரல் தமிழ்நாட்டில் எழுந்தது. பிந்திய திட்டத்தை அப்படியே ஏற்க இயலாதென மாநில அரசும் தெரிவித்தது. 1953ஐ மறக்காத சமூகம் விழித்திருப்பது நல்லது. விழித்திருப்பதற்கும் விலகி நிற்பதற்கும் வேறுபாடு உண்டு என்பது மட்டுமே நாம் சேர்க்க விரும்புவது. எல்லாப் பிள்ளைகளும் எல்லாத் தொழிலையும் தொட்டுப் பார்க்கும் வகுப்பறைதான் குலக்கல்விக்கு உண்மையான மறுப்பு.

பயிற்றும் ஆசிரியர்களுக்கு ஓர் எச்சரிக்கையும் இங்கே இடம்பெறத் தகும். புகையில் வருவது பெரும்பாலும் பிசின் ஆவி. அது மூச்சுக்குழலுக்குத் தீங்கு. காற்றோட்டமில்லாத அறையில் இதைக் கற்பிக்கக் கூடாது. காரீயம் கையில் ஒட்டி வாய்வழியே உடலுக்குள் சேரும். வேலை முடித்ததும் சோப்பிட்டுக் கைகழுவுவதைப் பாடத்தின் பகுதியாகவே வைக்கவேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2006 சூலை முதல் மின்னணுப் பொருள்களில் காரீயத்துக்குத் தடை விதித்தது. காரீயமில்லாக் கலவை 217 பாகை அளவில்தான் உருகும். பழகுவது சற்றுக் கடினம். பிள்ளைகளின் கைக்கு அதுவே நல்லது.

ஆசு பற்றி நமக்கு விளக்கிய அந்த மாணவர், பின்னொருநாள் துறையில் பழுதாகிக் கிடந்த ஒலிபெருக்கியைப் பிரித்துப் பார்த்தார். உள்ளே ஓர் இணைப்பு விட்டுப்போயிருந்தது. பையிலிருந்து அயர்னை எடுத்து ஐந்து நிமிடத்தில் சரிசெய்தார். "கத்துத் தர்றீங்களா?" என்று கேட்டோம். கோலை நம் கையில் கொடுத்தார். முதல் முயற்சியில் ஈயத்தைத்தான் உருக்கினோம். அது உருண்டு மேசையில் விழுந்தது. "சேர வேண்டிய ரெண்டையும் சுட வைங்க ஐயா" என்றார்.

கொட்டகைச் சன்னலில் கேட்ட வாக்கியம் அது. முப்பதாண்டுகள் கழித்து அதன் பொருள் கைக்கு எட்டியது.